ஏழாம் கட்டில் ரெங்கநாயகி

“மேடம், இனிமே பேஷண்ட்கிட்ட பேரே கேக்க வேணாம்!” என்று பர்வீன் போனில் குதூகலமாகச் சொன்னபோது எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. பர்வீன் எங்கள் ஆஸ்பத்திரி லேபின் இப்போதைய பொறுப்பாளர். நான் ஓய்வு பெற்றுப் போன நாற்காலியில் உட்கார்ந்திருப்பவள். புது மெஷின் வந்திருக்கிறதாம். நோயாளியின் மணிக்கட்டில் ஒரு பட்டை கட்டுவார்களாம். அதில் கோடு கோடாக இருக்குமாம். துப்பாக்கி மாதிரி ஒரு கருவியைக் காட்டினால் கீச்சென்று சத்தம் வந்து, ஆளின் ஜாதகமே திரையில் வந்து நிற்குமாம்.

“மெஷின் பொய் சொல்லாது மேடம்” என்றாள்.

நல்ல பெண்தான். ஆனால் அந்த வாக்கியத்தை இதே லேபில் நின்றுகொண்டு ஒரு காலத்தில் நானும் சொன்னேன். சொன்ன இரண்டு மணி நேரத்தில் ஒரு பெண்ணின் உயிர் என் கையிலிருந்த ரத்தப் பையில் ஊசலாடியது. அதைப் போனில் சொல்ல முடியுமா? “ஆண்டு மலருக்கு ஒரு பக்கம் எழுதித் தாங்க மேடம், பழைய அனுபவம் ஏதாச்சும்” என்று அவளே கேட்டாள். ஒரு பக்கத்தில் இது அடங்காது. இடம் போதாவிட்டால் நகைக்கடை விளம்பரத்தைத் தூக்கிவிடுங்கள்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். ஸ்டெல்லா, லேப் டெக்னீஷியன். பிறந்தது, வளர்ந்தது, வாழ்க்கைப்பட்டது எல்லாம் மன்னார்புரம். அப்பா ரயில்வே ஆபீஸில் வேலை பார்த்தார். நான் நர்ஸாக வேண்டும் என்பது அம்மாவின் ஆசை. எனக்கோ வாயை அடக்கத் தெரியாது. நோயாளியிடம் சண்டை போட்டுவிடுவேன் என்று பயந்து, பேசாத ரத்தத்தோடு குடித்தனம் நடத்தப் போனேன். இரண்டு வருடப் படிப்பில் நான் கற்றதெல்லாம் இவ்வளவுதான்: நரம்பைக் கண்ணால் தேடாதே, விரலால் தேடு, கண்ணாடிக் குழாயை உடைத்தால் உடனே சொல். மிச்சத்தை ஸ்ரீரங்கம் சொல்லிக்கொடுத்தது.

ஜங்ஷன் வந்து ஒண்ணாம் நம்பர் பஸ்ஸைப் பிடித்தால், காவிரிப் பாலம் தாண்டியதும் காற்று மாறும். அந்தக் காற்றுக்காகவே முப்பது வருடத்துக்கு மேல் ஜன்னலோர சீட்டுக்குச் சண்டை போட்டிருக்கிறேன்.

எங்கள் ஆஸ்பத்திரியைப் பார்த்து முதல் நாள் எனக்கு அழுகைதான் வந்தது. ஆஸ்பத்திரி என்றா சொன்னார்கள்? அது ஒரு வீடு. அரிசி மில் வைத்திருந்த ஒருவர், தன் மனைவி பிரசவத்தில் மாட்டுவண்டியில் போகும்போதே இறந்துபோன துக்கத்தில், சொந்த வீட்டை ஊருக்கு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாராம். ஊர்க்காரர்கள் சும்மா இருக்கவில்லை. பூக்கடைக்காரர்கள் சேர்ந்து இரண்டு கட்டில், ஜவுளிக்கடைக்காரர் மெத்தை விரிப்பு, கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கத்து விவசாயிகள் அறுவடைக்கு அறுவடை நெல் மூட்டை. நான் சேர்ந்தபோது கூடம் பெண்கள் வார்டாகவும், சமையலறை ஆபரேஷன் தியேட்டராகவும், சாமான் அறை லேபாகவும் இருந்தன. என் மைக்ராஸ்கோப் இருந்த மேடையில் முன்னே ஊறுகாய் ஜாடிகள் இருந்திருக்கும் போல. மழைக்காலத்தில் சுவரில் ஈரம் கசிந்தால் இன்னும் மாவடு வாசனை வரும்.

ஆனால் அந்த வீட்டுக்குள் வராத ஆளே கிடையாது. ஆடிப்பெருக்கன்று படித்துறையில் வழுக்கி விழுந்தவர்கள், வைகுண்ட ஏகாதசிக் கூட்டத்தில் பட்டினியோடு நின்று மயங்கியவர்கள், மடைப்பள்ளியில் கை சுட்டுக்கொண்டவர்கள், லால்குடிப் பக்கத்திலிருந்து பாம்புக்கடி என்று தூக்கிக்கொண்டு வந்தவர்கள். பெரிய ஆஸ்பத்திரி என்றால் பாலம் தாண்டிப் புத்தூர் போக வேண்டும். அதற்குள் உயிர் போய்விடும் என்கிற கேஸ் எல்லாம் எங்களிடம்தான் வரும். அதனால் எங்களை யாரும் சின்ன ஆஸ்பத்திரி என்று சொன்னால் இன்றைக்கும் சண்டைக்குப் போவேன்.

இப்போது டாக்டரம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். டாக்டர் வேதவல்லி. பிரசவம் பார்ப்பார், வயிற்று ஆபரேஷன் செய்வார், ஆஸ்பத்திரியின் தலைமையும் அவர்தான். ஸ்ரீரங்கத்திலேயே பிறந்தவர். ஐந்தடிகூட இல்லாத உருவம், நெற்றியில் கீற்றாய் ஸ்ரீசூர்ணம், காலையில் பெருமாளைச் சேவித்துவிட்டு நேரே வார்டுக்கு வந்துவிடுவார். இத்தனை வருடத்தில் அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. திட்டமாட்டார். அதற்குப் பதிலாக ஒன்று செய்வார். லேப் வாசலில் வந்து நின்றுகொண்டு, “ஸ்டெல்லா, எனக்கொரு சந்தேகம்” என்பார். அவ்வளவுதான். மற்ற டாக்டர்கள் கத்தினால்கூடப் பரவாயில்லை என்று இருக்கும்.

அந்தச் சந்தேகம் எப்போதும் ஒரே சந்தேகம்தான். ரிசல்ட் சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, “இது யாரோட ரத்தம்?” என்பார்.

“சீட்டுல பேரு எழுதியிருக்கே டாக்டர்.”

“சீட்டுல இருக்கறது தெரியறது. குழாய்க்குள்ள இருக்கறது யாரோடது? நீ எடுத்தியோ? எடுக்கறச்சே அவா வாயாலயே பேரும் ஊரும் சொன்னாளோ?”

அதுதான் அவர் சட்டம். நாம் பெயரைச் சொல்லி ‘நீங்கதானே?’ என்று கேட்கக் கூடாது. வலியில் இருப்பவர்கள் எதைக் கேட்டாலும் ஆமாம் என்பார்கள். ‘உங்க பேரு என்ன, ஊரு எது?’ என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டும். இன்னொரு சட்டமும் உண்டு. ஒருவருக்கு ஏற்றப்போகும் ரத்தத்தை ஆயாவிடம் கொடுத்து அனுப்பக் கூடாது. சோதனை செய்த டெக்னீஷியனே தன் கையால் கொண்டுபோய், ஆளைப் பார்த்துவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். லேபை விட்டு அப்படி ஓடுவது எனக்குப் பெரிய தொல்லை. “நான் என்ன போஸ்ட்மேனா?” என்று முதுகுக்குப் பின்னால் முணுமுணுத்திருக்கிறேன். தியேட்டர் ஆயா மரகதம் அதைக் கேட்டுச் சிரிப்பாள். “போஸ்ட்மேன்கூட கதவத் தட்டிக் கேட்டுட்டுத்தான் லெட்டரக் குடுக்குறான், போ!” என்பாள்.

இந்த ஊரில் அந்தச் சட்டத்தைக் கடைப்பிடிப்பது எவ்வளவு கஷ்டம் என்று வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. ஸ்ரீரங்கத்தில் கல்லை விட்டெறிந்தால் ஒரு ரெங்கநாதன் மேல் விழும், தவறினால் ஒரு ரெங்கநாயகி மேல் விழும். ரெங்கராஜன், ரெங்கசாமி, ரெங்கம்மாள், ரெங்கமணி! ஒரே வாரத்தில் ஐந்து ரெங்கசாமிகளுக்குச் சர்க்கரை பார்த்திருக்கிறேன். அதனால் சீட்டில் பெண்களுக்குக் கணவர் பெயரும் எழுதுவார்கள். அங்கேதான் பெரிய வேடிக்கை. எங்கள் ஊர்ப் பெண்கள் கணவர் பெயரை வாயால் சொல்லமாட்டார்களே!

“வீட்டுக்காரர் பேரு என்னங்க?”

சிரிப்பு. தலைகுனிவு.

“சொல்லுங்கம்மா, நேரமாவுது.”

“அதாங்க, உள்ள படுத்துக்கிட்டிருக்காரே, அவரு பேரு” என்று ஜன்னல் வழியே கோபுரத்தைக் காட்டுவார்கள். பள்ளிகொண்ட பெருமாள் பெயர் என்று அர்த்தம். அதில் ரெங்கநாதனா, ரெங்கராஜனா, ரெங்கசாமியா என்று நான் ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். சரியானது வரும்போது முகம் சிவந்து தலையாட்டுவார்கள். காலை ஆறரை மணிக்கு இருபது பேருக்கு ரத்தம் எடுக்க வேண்டியவளுக்கு இந்த விளையாட்டுக்கு நேரம் எங்கே? போகப்போக நானே ஒரு குறுக்குவழி கண்டுபிடித்தேன். சீட்டைப் பார்த்துப் பெயரையும் கணவர் பெயரையும் நானே படித்துவிடுவேன். அவர்கள் தலையாட்டுவார்கள். நான் ஊசியைப் போடுவேன். ஊரைக் கேட்பதையும் நிறுத்திவிட்டேன். டாக்டரம்மாவுக்குத் தெரியாது. எனக்கு என் வேகத்தில் ஒரு கர்வம்.

கர்வத்துக்குப் பதில் சொல்ல ஒரு மார்கழிக் காலை வந்தது.

அன்று பெண்கள் வார்டில் இரண்டு ரெங்கநாயகிகள். ஒருவர் வடக்கு உத்தர வீதி மாமி. வயது நாற்பத்தைந்து இருக்கும். கர்ப்பப்பையில் கட்டி, அதிக ரத்தப்போக்கு, மறுநாள் ஆபரேஷன். மற்றவள் இருபத்து மூன்று வயதுப் பெண். உப்பிலியபுரத்தில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். வளைகாப்பு முடிந்து பிறந்த வீட்டுக்கு ஸ்ரீரங்கம் வந்தவள், பத்து நாளாகத் துளித்துளியாக ரத்தம் படுவதை வெட்கப்பட்டு யாரிடமும் சொல்லாமல் மறைத்திருக்கிறாள். முந்தின நாள் சாயங்காலம் அதிகமாகிச் சேலை நனைந்ததும்தான் அவள் அம்மா அழுதுகொண்டே கூட்டிவந்தார். நஞ்சுக்கொடி கீழே இறங்கி வழியை அடைத்துக்கொண்டிருக்கிறது, காலையில் பதினொரு மணிக்கு வயிற்றைத் திறந்து குழந்தையை எடுக்க வேண்டும், ரத்தம் தயாராக இருக்க வேண்டும் என்று டாக்டரம்மா எழுதிவிட்டார். இரண்டு பேர் கணவர் பெயரும் ரெங்கராஜன். நான் கதை கட்டவில்லை. ஸ்ரீரங்கத்தில் இதெல்லாம் அதிசயமே இல்லை.

சாயங்காலம் எழுதிய சீட்டுப்படி உப்பிலியபுரத்துப் பெண் நாலாம் கட்டில், மாமி ஏழாம் கட்டில். ஆனால் அதற்குப் பிறகு, அந்தப் பெண் கண்ணெதிரே இருக்கட்டும் என்று நர்ஸ் அவளைத் தன் மேஜைக்குப் பக்கத்திலிருந்த ஏழாம் கட்டிலுக்கு மாற்றி, மாமியை நாலாம் கட்டிலுக்கு அனுப்பியிருக்கிறார். நல்ல எண்ணத்தில் செய்த காரியம். சீட்டில் கட்டில் எண்ணைத் திருத்த மறந்துவிட்டார். வயது எழுதும் கட்டமும் காலி.

நான் ஆறரை மணிக்கு ஊசித் தட்டோடு போனேன். நாலாம் கட்டில். போர்வைக்குள் ஓர் உருவம். “ரெங்கநாயகி, வீட்டுக்காரர் ரெங்கராஜன், சரிதானே?”

“ஆமாம்மா.”

எடுத்தேன். ஏழாம் கட்டில். “ரெங்கநாயகி, வீட்டுக்காரர் ரெங்கராஜன், சரிதானே?”

“ஆமாங்க.”

எடுத்தேன். முகத்தைப் பார்த்தேனா? பார்க்கவில்லை. லேப்காரர்களுக்கு ஒரு வியாதி உண்டு. எங்களுக்கு மனிதர்கள் என்றால் முழங்கை மடிப்புதான். ஏழாம் கட்டில்காரியின் கையில் முழங்கை வரை கண்ணாடி வளையல்கள் அடுக்கியிருந்தன. பச்சையும் சிவப்பும். அதை மேலே ஏற்ற முடியாமல், மணிக்கட்டுப் பக்கம் தள்ளி, இரண்டு தடவை குத்தி எடுத்தேன். அது மட்டும் ஞாபகம் இருந்தது. கடவுள் புண்ணியம், அது ஞாபகம் இருந்தது.

இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொன்னார்கள். கேட்டவள்தான் கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை.

ஒன்பது மணிக்கு ரிசல்ட் தயார். நாலாம் கட்டில் சீட்டுக்கு ஹீமோகுளோபின் பன்னிரண்டு கிராம், பி பாசிட்டிவ். ஏழாம் கட்டில் சீட்டுக்கு ஆறு கிராம், ஓ பாசிட்டிவ். சீட்டுகளில் கேஸ் நம்பர் இருந்ததால் அவை அந்தந்த நம்பருடைய கேஸ் ஷீட்டுக்குப் போய்ச் சேர்ந்தன. பன்னிரண்டு கிராம் உப்பிலியபுரத்துப் பெண்ணின் கணக்கில் ஏறியது. ஆறு கிராம் மாமியின் கணக்கில் ஏறியது. யாருக்கும் சந்தேகம் வரவில்லை. திடீரென்று ரத்தப்போக்கு வந்தால் உடனே அளவு குறைந்து தெரியாது என்பது பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது. மாமிக்கோ மாதக்கணக்கில் அதிகப் போக்கு, ஆறு என்றால் ஆச்சரியமில்லை. தப்பு என்றால் இப்படித்தான், நல்ல சட்டை போட்டுக்கொண்டு வரும்.

ஒரே ஒருத்தர்தான் சந்தேகப்பட்டார். மாமியே லேப் வாசலுக்கு வந்துவிட்டார்.

“ஏம்மா, எனக்கு ஆறு கிராம்ங்கறாளே! நேத்திக்கு நாலு தோசை சாப்ட்டேன். மூணு மாடி ஏறி வத்தல் காயப் போட்டேன். எனக்கா ரத்தம் இல்லே? நன்னாப் பாரு.”

நான் சொன்னேன்: “மாமி, தோசைக்கும் ரத்தத்துக்கும் சம்பந்தம் இல்ல. மெஷின் பொய் சொல்லாது. போய்ப் படுங்க.”

எழுதும்போதே கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் எழுதத்தான் வேண்டும்.

பிரிட்ஜில் புத்தூர் ரத்த வங்கியிலிருந்து வாங்கி வைத்த பைகள் இருந்தன. பி பாசிட்டிவ் பை இரண்டை எடுத்து, உப்பிலியபுரத்துப் பெண்ணுடையது என்று நான் நினைத்த ரத்தத்தோடு சேர்த்துப் பார்த்தேன். அழகாகப் பொருந்தியது. பொருந்தாமல் என்ன செய்யும், அது மாமியின் ரத்தமாயிற்றே! மாமி பெயரில் ஓ பாசிட்டிவ் பை இரண்டைப் பொருத்தி மறுநாளுக்கு ஒதுக்கி வைத்தேன்.

பத்தரை மணிக்கு ஏழாம் கட்டில் விரிப்பு முழுக்க ரத்தம். பதினொரு மணிவரை காத்திருக்க முடியாது என்று தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். “ரத்தம் கொண்டா” என்று மரகதம் வாசலில் நின்று கத்தினாள். “நீயே கொண்டுபோயேன்” என்று நாக்கு நுனிவரை வந்தது. டாக்டரம்மாவின் சட்டம் நினைவுக்கு வந்து, முணுமுணுத்துக்கொண்டே பி பாசிட்டிவ் பையை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

தியேட்டரில் மயக்க மருந்து டாக்டர் பைக்காகக் கையை நீட்டிக்கொண்டு நின்றார். டாக்டரம்மா கை கழுவி, கையுறை போட்டு, இரண்டு கையையும் மேலே தூக்கியபடி நின்றார். மேஜையில் அந்தப் பெண். மரகதம் அவள் இடது கையைப் பிடித்து, வளையல்கள் கழலாமல் துணியைச் சுற்றிக் கட்டிக்கொண்டிருந்தாள். பச்சையும் சிவப்பும். முழங்கை மடிப்பில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஊசிக் குத்து. நான் ஒட்டிய பஞ்சு பாதி பிய்ந்து தொங்கியது.

இந்தக் கை ஏழாம் கட்டில் கை. இந்தக் கையிலிருந்து எடுத்ததுதான் ஆறு கிராம். அப்படியானால் என் கையில் இருக்கும் பை இவளுக்குரியது இல்லை.

குனிந்து அவள் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தேன். சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வெளுத்திருந்தது. பன்னிரண்டு கிராமாம், பன்னிரண்டு!

“குடுங்க சிஸ்டர், என்ன பாத்துக்கிட்டு?” என்றார் மயக்க மருந்து டாக்டர்.

நான் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இரண்டு அடி பின்னால் போனேன். “தரமாட்டேன் டாக்டர். இது தப்பான ரத்தம். நான்தான் மாத்தி எடுத்துட்டேன்.”

ஓ வகைக்காரிக்கு பி ரத்தம் ஏறினால் என்ன ஆகும் என்று அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். பால் திரிவது போல உடம்புக்குள்ளேயே ரத்தம் திரிந்து, சிறுநீரகம் அடைத்து, தாய் போய்விடுவாள். எங்களுக்குக் காரணம்கூடத் தெரிந்திருக்காது. ரத்தப்போக்கில் போய்விட்டாள் என்று எழுதி மூடியிருப்போம்.

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். திட்டவில்லை. “எத்தனை நிமிஷம் வேணும்?” என்றார்.

“பிரிட்ஜுல மாமி பேருல ஓ பாசிட்டிவ் இருக்கு டாக்டர். இவங்க ரத்தத்தோடதான் பொருத்தியிருக்கேன், பேருதான் மாறிடுச்சு. இப்பவே ஓடிப் போயி எடுத்துட்டு வந்துடுறேன்.”

“நிச்சயமாத் தெரியுமோ?”

“தெரியும்னுதான் நெனைக்கிறேன்.”

“நெனைக்கறதுக்கு இங்கே இடமில்லேம்மா. காலம்பறயும் நீ நெனைச்சுத்தானே எடுத்தே? திரும்ப எடு. திரும்பப் பாரு. பத்து நிமிஷம் நான் இவளப் பிடிச்சு வெச்சுக்கறேன். போ.”

அந்தப் பத்து நிமிடத்தை அவர் எனக்குக் கொடுத்தது எவ்வளவு பெரிய துணிச்சல் என்று அப்போது எனக்குப் புரியவில்லை. வெறும் சலைனை வைத்துக்கொண்டு வயிற்றைத் திறக்கப் போகிறார். எல்லாம் என் தப்புக்காக.

அந்தப் பெண்ணின் பக்கத்தில் குனிந்தேன். நினைவு இருந்தது. உதடு உலர்ந்திருந்தது.

“உங்க பேரு என்னம்மா?”

“ரெங்கநாயகி.”

கணவர் பெயரைக் கேட்க வாய் வரவில்லை. அது என்னைக் குழியில் தள்ளிய கேள்வி. “அப்பா பேரு?” என்று கேட்டேன்.

தயங்கவே இல்லை. “சீனிவாசன்” என்றாள்.

“ஊரு?”

“கட்டிக் குடுத்தது உப்பிலியபுரம்ங்க.” பிறகு என் விரலைப் பிடித்துக்கொண்டாள். “சிஸ்டர், புள்ள பொழைச்சுக்குமா?”

“ரெண்டு பேரும் பொழைப்பீங்க, கைய விடு” என்றேன். குரல் என்னுடையது போலவே இல்லை.

இந்தத் தடவை ஒரே குத்தில் எடுத்தேன். எடுத்த இடத்திலேயே, அவள் பக்கத்திலேயே நின்று, குழாயில் பெயரை எழுதினேன்: ரெங்கநாயகி, த/பெ சீனிவாசன், உப்பிலியபுரம். லேபுக்கு ஓடினேன். வெள்ளைப் பீங்கான் தட்டில் மூன்று சொட்டு ரத்தம். ஒவ்வொன்றிலும் ஒரு மருந்து. குச்சியால் கலக்கித் தட்டை மெல்ல ஆட்ட வேண்டும். அவசரப்பட்டு வேகமாக ஆட்டினால் திரிவது தெரியாது. முழங்கையை மேஜையில் ஊன்றிக்கொண்டு ஆட்டினேன். நீல மருந்தில் ஒன்றுமில்லை. மஞ்சள் மருந்தில் ஒன்றுமில்லை. மூன்றாவதில் மணல் மணலாகத் திரிந்தது. ஓ பாசிட்டிவ்! பிறகு பிரிட்ஜிலிருந்த ஓ பாசிட்டிவ் பையின் துளியை இவள் ரத்தத்தின் தெளிந்த நீரோடு சேர்த்து, சுற்றும் மெஷினில் போட்டு, அது நிற்கும்வரை மாதாவிடம் என்னென்னவோ பேரம் பேசினேன். மைக்ராஸ்கோப்பில் ரத்த அணுக்கள் தனித்தனியாக, ஒன்றோடொன்று ஒட்டாமல், நிம்மதியாக மிதந்தன. அவ்வளவு அழகான காட்சியை என் வாழ்நாளில் நான் பார்த்ததில்லை.

பையை எடுத்துக்கொண்டு ஓடினேன். ஒன்பது நிமிடம் ஆகியிருந்தது. தியேட்டர் கதவைத் தள்ளினால், உள்ளேயிருந்து குழந்தை அழும் சத்தம்! மரகதத்தின் கையில் துணிக்குள் ஒரு பெண் குழந்தை கையையும் காலையும் உதறிக்கொண்டிருந்தது. ஆனால் தாய் முகத்தில் ரத்தமே இல்லை. நாடி நூல் மாதிரி ஓடுகிறது என்றார் மயக்க மருந்து டாக்டர்.

டாக்டரம்மா வயிற்றுக்குள்ளிருந்து கண்ணை எடுக்காமலேயே கேட்டார். “ஸ்டெல்லா, இது யாரோட ரத்தம்?”

“உப்பிலியபுரம் ரெங்கநாயகிக்குப் பொருந்துற ரத்தம் டாக்டர். அப்பா பேரு சீனிவாசன். அவங்க வாயால சொன்னாங்க. நானே எடுத்தேன், நானே பாத்தேன்.”

“ஏத்துங்கோ” என்றார்.

முதல் பை பாதி இறங்குவதற்குள் நாடி நிதானத்துக்கு வந்தது. இரண்டாவது பையையும் அதே மாதிரி பொருத்திப் பார்த்துக் கொண்டுவந்தேன். அது முடிவதற்குள் அவள் உதட்டில் ஒரு நிறம் வந்தது. நான் சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதேன். மரகதம் குழந்தையோடு வந்து, “எந்திரிடி போஸ்ட்மேன், லெட்டரச் சரியா சேத்துட்ட” என்றாள்.

மறுநாள் காலை, நான் பயந்தது நடந்தது. லேப் வாசலில் டாக்டரம்மா. “ஸ்டெல்லா, எனக்கொரு சந்தேகம். நேத்திக்கு நீ வாயத் திறக்காம இருந்திருந்தா, உன் மேலதான் தப்புன்னு யாருக்காவது தெரிஞ்சிருக்குமோ?”

“தெரிஞ்சிருக்காது டாக்டர்.”

“அப்போ நீ வாயத் திறந்தது எப்படின்னு எல்லாருக்கும் சொல்லணும். வா.”

கூடத்தில் ஆயாவிலிருந்து டாக்டர்வரை எல்லோரையும் நிற்க வைத்திருந்தார். நான் குறுக்குவழி போனதை, மாமியை விரட்டியதை, ஒன்று விடாமல் சொல்லச் சொன்னார். அவமானத்தில் காது சூடாகிவிட்டது. வேலை போயிற்று என்று முடிவு கட்டிவிட்டேன். நான் முடித்ததும் அவர் என் பக்கத்தில் வந்து நின்றார். “இப்போ என் தப்பு. பன்னண்டு கிராம்னு சீட்டுல பாத்தேன். நானே கண்ணத் திறந்து பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும். காகிதத்தப் பாத்தேன், பொண்ணப் பாக்கலே” என்றார். அடுத்து அந்த நர்ஸ் தானாக முன்வந்து கட்டில் எண்ணைச் சொன்னார். மூன்று பேரும் ஒருவர் மூஞ்சியை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். அன்றைக்கு அந்த ஆஸ்பத்திரி எனக்குச் சொந்த வீடாயிற்று.

அன்றே சீட்டு மாறியது. பெண்களுக்குக் கணவர் பெயர் போய் அப்பா பெயர் வந்தது. எந்தப் பெண்ணும் அப்பா பெயரைச் சொல்லக் கூச்சப்படமாட்டாள். சொல்லும்போது முகம்கூடக் கொஞ்சம் மலரும். பெயர், அப்பா பெயர், ஊர், மூன்றும் அவரவர் வாயால் வர வேண்டும். வராவிட்டால் ஊசி இல்லை. அதற்குப் பிறகு நான் ஓய்வு பெறும்வரை எங்கள் ஆஸ்பத்திரியில் ஆள் மாறி ஒரு சொட்டு ரத்தம் ஏறியதில்லை. இதை மார் தட்டித்தான் சொல்கிறேன். அடக்கமாகச் சொல்ல எனக்கு வராது.

ஆபரேஷன் முடிந்து மாமி தேறியதும் போய் மன்னிப்புக் கேட்டேன். “அப்பவே சொன்னேனே! என் பன்னண்டு கிராமத் தூக்கி யாருக்கோ குடுத்துட்டு, எனக்கு ஆறக் குடுத்தியே!” என்று வாய் நிறையத் திட்டிவிட்டு, டிபன் பாக்ஸிலிருந்து இரண்டு தோசை எடுத்துக் கொடுத்தார்.

உப்பிலியபுரத்துக்காரி பத்தாம் நாள் நடந்தே வீட்டுக்குப் போனாள். அவள் கணவர் ரெங்கராஜன் கையெடுத்துக் கும்பிட்டார். “குழந்தைக்கு நீங்கதான் சிஸ்டர் ஒரு பேரு சொல்லணும்.”

“எந்தப் பேரு வேணா வைங்க, புண்ணியமாப் போவும், ரெங்கநாயகி மட்டும் வேணாம்” என்று கெஞ்சினேன்.

கேட்டார்களா? கோயில் தாயார் ரெங்கநாயகி காப்பாற்றிய பிள்ளையாம். ரெங்கநாயகி என்றே வைத்துவிட்டார்கள். முதல் தடுப்பூசிக்கு வந்தபோது கேட்டேன். அவள் அம்மா, “பேரு ரெங்கநாயகி, அப்பா பேரு...” என்று ஆரம்பித்து, அது தன் கணவர் பெயர் என்று உறைத்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டு கோபுரத்தைக் காட்டினாள். வார்டே சிரித்தது.

இவ்வளவும் எழுதி முடித்துப் பர்வீனுக்கு அனுப்பலாம் என்று இருந்தபோது, போன மாதம் எனக்கே காய்ச்சல் வந்து எங்கள் ஆஸ்பத்திரியிலேயே படுத்தேன். இப்போது அது வீடு இல்லை. நாலு மாடி. ஊறுகாய் வாசனையும் இல்லை. மணிக்கட்டில் கோடு போட்ட பட்டையைக் கட்டினார்கள். காலை ஆறரை மணிக்குத் தட்டோடு பர்வீனே வந்தாள். துப்பாக்கியைக் காட்டினாள். கீச். திரையில் என் பெயர், வயது, வியாதி எல்லாம் வந்து நின்றன. அவ்வளவுதான், இனி கேட்கமாட்டாள் என்று நினைத்தபோது மனசு கனத்தது. டாக்டரம்மா போய்ச் சேர்ந்துவிட்டார், அவர் கேள்வியும் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டு கையை நீட்டினேன்.

பர்வீன் கையைத் தொடவில்லை. நின்றுகொண்டே இருந்தாள்.

“என்னம்மா?”

“பேரு சொல்லுங்க மேடம்.”

“ஏய், என்னைத் தெரியாதா உனக்கு? அதான் மெஷின் சொல்லிடுச்சே! கேக்க வேணாம்னு நீதான போன்ல குதிச்ச?”

“குதிச்சேன் மேடம். முதல் வாரமே பட்டையையே மாத்திக் கட்டிட்டாங்க. பட்டையில இருக்கறதத்தான மெஷின் படிக்கும்? அது யாரு கையின்னு அதுக்குத் தெரியாதே. அதான் மறுபடி கேக்க ஆரம்பிச்சுட்டோம். உங்க வாயால வரணும். பேரு?”

படுக்கையில் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

“ஸ்டெல்லா.”

“அப்பா பேரு?”

“சவரிமுத்து.”

“ஊரு?”

“மன்னார்புரம்.”

என் பெயரை இத்தனை சந்தோஷமாக நான் யாரிடமும் சொன்னதில்லை.